உதடு ஒட்டுகிற இடம்

நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறினால் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டரில் வண்டலூர். 2014இல் அந்தப் பகுதி திறந்த பிறகு அக்கா மகளை உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போவது எளிதாகிவிட்டது. போன முறை சிங்கத்துக்கு எதிரே வெகுநேரம் நின்றவள் திரும்பி வரும் வழியில் கேட்டாள்: "மாமா, இது வாயத் திறந்தா கர்ஜனைதான் வருது. படத்துல வர்ற சிங்கம் மட்டும் எப்படித் தமிழுக்குச் சரியா வாயசைக்குது?"

வீட்டுக்கு வந்ததும் அவள் கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, "பப்பாளி, மாமா, கங்கை, ஊர்" என்று மெல்லச் சொல்லச் சொன்னேன். பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடுகள் ஒட்டின. ஊகாரத்துக்குக் குவிந்தன. 'கங்கை'க்கு வாய் சற்றே திறந்ததோடு சரி. க, ங பிறக்கிற வேலையெல்லாம் உள்ளே, அடிநாக்கும் அண்ணமும் தொடுகிற இடத்தில் நடந்துவிடுகிறது. கண்ணாடிக்கு அது தெரியாது.

தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதைத்தான் சொல்கிறது. அகரத்துக்கு வாய் அங்காப்பதையும், உகர ஒகரங்களுக்கு இதழ் குவிவதையும், ப-ம பிறக்க இதழ்கள் பொருந்துவதையும், வகரத்துக்குப் பல்லும் இதழும் கூடுவதையும் அது வகைப்படுத்தி வைத்திருக்கிறது. அனிமேஷன் கலைஞரின் மேஜையில் இருக்கும் வாய்ப்படப் பட்டியலும் ஏறக்குறைய இதே பாடம்தான். காதுக்கு வேறுபடும் பல எழுத்துகள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிவதால், பத்துப் பன்னிரண்டு வாய் வடிவங்களை வைத்தே ஒரு பாத்திரத்தைப் படம் முழுக்கப் பேசவைத்துவிடலாம்.

வேலை நடக்கும் வரிசை பலருக்கும் வியப்பாக இருக்கும். முதலில் குரல், பிறகுதான் படம். நடிகர் பேசியதைப் பதிவுசெய்து, எந்த ஒலி எந்தச் சட்டத்தில் (ஃபிரேமில்) விழுகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டங்கள். உதடு ஒட்டும் எழுத்துக்கு ஒரே ஒரு சட்டம் கொடுத்தால் கண்ணில் படாமல் ஓடிவிடும் என்பதால், குறைந்தது இரண்டு ஒதுக்குவது வழக்கம். ஒலிக்கு ஓரிரு சட்டம் முன்னதாகவே வாய் அசைந்தால்தான் இயல்பாகவும் தோன்றும். நாமும் வாயைத் திறந்த பிறகுதானே பேசுகிறோம்!

விலங்கு என்றால் சிக்கல் கூடுகிறது. சிறுத்தையின் வாய் தாடை நெடுகக் கிழிந்திருக்கிறது. அதன் முன்நுனியை மட்டும் நம் உதடுபோல் வளைக்கிறார்கள். கிளிக்கு உதடே இல்லை. நிஜக் கிளி மூச்சுக்குழாயின் அடியில் இருக்கும் குரலுறுப்பில் ஒலி எழுப்பி, நாக்கால் அதைச் செதுக்கிப் பேசுகிறது. திரைக்கிளியின் அலகையோ ரப்பர்போல வளைத்தால்தான் 'ப' தெரியும்.

நிகில் அத்வானி இயக்கி 2012இல் வந்த 'டெல்லி சஃபாரி' இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம். கதைப்படி, மும்பைக் காட்டைக் கட்டடத்துக்காக அழிக்கிறார்கள். தந்தையை இழந்த சிறுத்தைக்குட்டி, குரங்கு, கரடியோடு நாடாளுமன்றத்திடம் முறையிட டெல்லிக்குப் புறப்படுகிறது. மனிதர் பாஷை தெரிந்த ஒரே ஆள் வீட்டில் வளர்ந்த கிளி என்பதால், அதையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். சிறந்த அனிமேஷன் படத்துக்கான தேசிய விருது பெற்ற படம் இது. பேசத் தெரிந்த விலங்காகக் கிளியைப் பிடித்ததில் உயிரியலும் கதையும் அழகாகக் கைகோக்கின்றன.

ஆனால் எனக்கு அதிகம் மரியாதை வருவது டப்பிங் வசனம் எழுதுகிறவர்மீதுதான். அவருக்கு எல்லாம் தலைகீழ். படம் முடிந்துவிட்டது, வாய் அசைந்துவிட்டது; அதற்குள் தமிழைப் பொருத்த வேண்டும். ஒரு குட்டி, "மாம், லுக்!" என்று கூப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். 'மாம்' என்றால் உதடு ஒட்டி, திறந்து, மறுபடி ஒட்டும். 'அம்மா' நேர்மாறு: திறந்து, ஒட்டி, திறக்கும். அகராதிப்படி சரி, வாய்ப்படி தவறு. "ம்மா, பாரு!" என்று எழுதிப் பாருங்கள். இரண்டாவது ஒட்டலைப் பகரம் தாங்கிக்கொள்கிறது.

ஈற்று மகரத்தையும் நம்ப முடியாது. ஏட்டில் 'வேண்டாம்' உதடு ஒட்டி முடிகிறது. பேச்சில் 'வேணாம்' என்னும்போது உதடு ஒட்டுவதே இல்லை, ஒலி மூக்கால் கரைந்துவிடுகிறது. சொற்களின் நீளமும் படுத்தும். 'போய்க்கொண்டிருக்கிறேன்' முடிவதற்குள் சிங்கம் வாயை மூடிவிடும், 'போயிட்டிருக்கேன்' தப்பித்துக்கொள்ளும். டப்பிங் தமிழ் பேச்சுத்தமிழாக இருப்பதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

2019இல் வந்த 'தி லயன் கிங்' தமிழில் சிம்பாவுக்கு சித்தார்த், ஸ்காருக்கு அரவிந்த் சாமி, பும்பாவுக்கு ரோபோ சங்கர், டிமோனுக்கு சிங்கம்புலி குரல் கொடுத்தார்கள். நிஜ விலங்குபோலவே உருவாக்கப்பட்டதால் அதில் வாயசைவு அடக்கமானது. கோட்டுச்சித்திரப் படத்தில் இருக்கும் நெருக்கடி அங்கே குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. பும்பாவும் டிமோனும் நம்ம ஊர் ஆட்களாகவே மாறிப்போனதற்கு அந்தச் சுதந்திரமும் உதவியிருக்கும்.

அக்கா மகளுக்கு இப்போது புது விளையாட்டு கிடைத்திருக்கிறது. சத்தத்தை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிறாள். உதடு ஒட்டும் இடத்தில் நிறுத்துகிறாள். "மாமா, இங்க 'ப'வா 'ம'வா?" என்று கேட்டுவிட்டு, நான் யோசிப்பதற்குள் குட்டிச் சிங்கத்துக்கு ஒரு வசனத்தைத் தானே சொல்லிப் பார்க்கிறாள், கண்ணாடியைக் கையில் பிடித்தபடி.