தாவினால் போதுமா? தரையிறங்கவும் தெரிய வேண்டும்!

கல்லூரி வாலிபால் அணியில் ஆடும் என் அக்கா சென்ற ஆண்டு ஒருநாள் நொண்டியபடி வீடு வந்தாள். அம்மா கேட்டதற்கு, "ஒன்றுமில்லை அம்மா, லேசான சுளுக்குதான்" என்றாள். அணியில் இடம் போய்விடுமோ என்ற அச்சம் அவளுக்கு! மூன்றாம் நாளே அதே காலோடு ஆடினாள். பிறகு ஆறு வாரம் ஆட முடியவில்லை. அதன் பின்னரே இவ்விளையாட்டில் காயம் எப்படி ஏற்படுகிறது என்று நான் தேடிப் படித்தேன்.

1895-ல் அமெரிக்காவில் வில்லியம் மார்கன் வாலிபாலைத் தோற்றுவித்தபோது, ஆடுவோர் ஒருவரோடொருவர் மோதாத ஆட்டமாகவே அதை அமைத்தார். நடுவில் வலை இருக்க, காயம் எங்கிருந்து வருகிறது? அந்நாட்டுக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கம் 1988 முதல் 2004 வரை மாணவியரின் காயங்களைக் கணக்கெடுத்தது. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை இடுப்புக்குக் கீழே ஏற்பட்டவை. முதலிடம் கணுக்கால் சுளுக்குக்கே!

காரணம் வலையின் அடியில் இருக்கிறது. பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர். பந்தை அடிக்க ஒருத்தியும் தடுக்க மற்றவர்களும் வலையோரம் எம்புகிறார்கள். பாதத்தின் ஒரு பகுதி நடுக்கோட்டின் மேல் இருந்தால், மறுபகுதி எதிர்ப்பக்கம் செல்லலாம் என்பது விதி. ஆகவே இறங்கும்போது எதிரணியினரின் பாதத்தையோ, அருகில் நிற்கும் தோழியின் பாதத்தையோ மிதித்துவிட நேர்கிறது. உடனே கால் உட்புறமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்புற ஜவ்வு இழுபடுகிறது.

அடுத்தது முழங்கால். ஓயாமல் எம்பிக் குதிப்பதால் முழங்கால் சில்லின் கீழுள்ள தசைநார் நோகும். முழங்காலை மடக்காமல் விறைப்பாக இறங்கினால் உள்ளே இருக்கும் ஜவ்வே கிழிந்துவிடலாம். இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் நேர்கிறது. பந்தை ஓங்கி ஓங்கி அடிப்பதால் தோள்பட்டை வலிக்கும். தடுக்கும்போது விரல்கள் பிசகும்.

இவற்றைத் தடுக்க முடியாதா? முடியும். 1990-களில் நார்வே நாட்டில் ஆட்டக்காரர்களுக்குச் சரியாக எம்பி இறங்கும் முறையைக் கற்பித்து, ஆடும் பலகையின் மேல் ஒற்றைக் காலில் நின்று பழகவும் வைத்தனர். கணுக்கால் சுளுக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது!

தோழியரே, முழங்காலை மடக்கி, இரு கால்களாலும் மெதுவாக இறங்கப் பழகுவோம். ஒருமுறை சுளுக்கிய கால் மீண்டும் எளிதில் சுளுக்கும். ஆகையால் வலித்தால் அன்றே ஆசிரியையிடமும் அம்மாவிடமும் சொல்வோம். வலியை மறைப்பது வீரமன்று. மூன்று நாள் ஓய்வுக்கு அஞ்சிய என் அக்கா, ஆறு வாரம் திண்ணையில் அமர்ந்திருந்தாள் அல்லவா?

— பத்தாம் வகுப்பு மாணவி