படலைக்கு வெளியே நிற்பவர்

வயல் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் போத்தலில் தண்ணீர் கொண்டுபோய் வரம்பில் வைப்பார்கள். பத்து மணிக்கு அது தொண்டைக்கு இதமாக இருக்கும். நிழலில் வைக்க மறந்துவிட்டால், நண்பகலில் வாயில் வைத்ததுமே துப்பத் தோன்றும். தேநீர் போடுவதற்கும் உதவாது, தாகத்துக்கும் உதவாது. திருவெளிப்பாடு நூலின் 3ஆம் அதிகாரத்தில் இலவோதிக்கேயா திருச்சபையை இயேசு கடிந்துகொள்வதை விளங்கிக்கொள்ள இந்த அனுபவமே நமக்குப் போதும்.

இலவோதிக்கேயா இன்றைய துருக்கி நாட்டில் இடிபாடாகக் கிடக்கிறது. அதற்கு வடக்கே சுமார் 10 கிலோமீற்றர் தூரத்தில் எராப்பொலி. அங்குள்ள வெந்நீர் ஊற்றுகளில் நோயாளர் குளித்துச் சுகம் தேடுவர். மற்றப் பக்கத்தில், மலையடிவாரத்தில், குளிர்ந்த நீருள்ள கொலோசை. இலவோதிக்கேயாவோ தண்ணீரைத் தொலைவிலிருந்து குழாய்வழியே கொண்டுவர வேண்டியிருந்தது. சுண்ணாம்பு படிந்த அந்தக் கற்குழாய்களை இன்றும் காணலாம். சூடு என்றால் பக்தி, குளிர் என்றால் பக்தியின்மை என்றே நம் பிரசங்கங்களில் சொல்லிவிடுகிறோம். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஊராருக்கு இரண்டுமே நல்ல தண்ணீர். ஒன்று நோவை ஆற்றும், மற்றது களைப்பை ஆற்றும். ஒருவருக்கும் பயன்படாத நீரையே துப்பினார்கள்.

இந்த நகரம் கி.பி. 60இல் நிலநடுக்கத்தால் இடிந்தது. உரோமை அரசின் உதவியின்றி, தன் சொந்தச் செல்வத்தாலேயே மீண்டும் எழுந்தது என்று வரலாற்றாசிரியர் தாசித்து எழுதியுள்ளார். உடைந்த வீட்டைத் தன் கையால் கட்டியவர்கள் அதன் பெருமையை அறிவீர்கள். அதில் தவறில்லை. ஆனால் தனக்கு ஒரு குறையுமில்லை என்ற அந்த எண்ணம் கோவிலுக்குள்ளும் புகுந்து, இறைவன் முன்னும் அப்படியே சொல்ல வைத்தது. அதைத்தான் இயேசு கடிந்துகொண்டார்.

இதை உங்களுக்கு எழுத எனக்குத் தயக்கமே. இன்னும் காணி விடுபடாமல் உறவினர் வளவில் இருப்பவர்களைப் பார்த்து யார் இப்படிப் பேச முடியும்? அதே நூலில், வறுமையில் வாடிய சிமிர்னா திருச்சபைக்கு ஒரு கண்டனமும் இல்லை. உண்மையில் நீங்கள்தான் செல்வர் என்றே இயேசு அவர்களுக்குச் சொல்கிறார். ஆபத்து பிறகு வருகிறது, கூரை போட்டபின். என்னைப் போன்றவர்களுக்கோ அலுவலகம் கிடைத்தபின்.

2009இல் நான் புதிதாகக் குருப்பட்டம் பெற்றவன். வவுனியா முகாமில் கூடாரங்களுக்கு நடுவே பின்னேரந்தோறும் செபமாலை சொல்வோம். ஒரு விளக்கு, பத்துக் குடும்பம். மீள்குடியேற்றம் தொடங்கியதும் வீட்டுத்திட்டம், விதைநெல், கிணறு இறைத்தல் என்று ஓடத் தொடங்கினேன். குருவுக்குரிய செபப் புத்தகம் வாகனத்தில் கோப்புகளுக்கடியில் கிடந்தது. கர்த்தருடைய வேலையைத்தானே செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரிலும் வேலிகள் எழுந்தன. அவரவர் விளக்கு அவரவர் வீட்டில்.

ஒருநாள் விதைநெல் பட்டியலோடு போனபோது ஓர் ஆச்சி கேட்டார்: "சுவாமி, காம்பிலை இருக்கேக்கை ஒவ்வொரு பின்னேரமும் வந்து எங்களோடை இருந்து செபிச்சனியள். இப்ப லிஸ்ற் எழுத மட்டும்தானே வாறியள்?"

இலவோதிக்கேயாவுக்குச் சொன்ன கண்டனத்தின் முடிவில் இயேசு கதவருகில் நின்று தட்டுகிறார். தமது பெயரால் கூடும் சபைக்கு வெளியே அவர் நிற்கிறார்! நம் ஊரில் படலையடியில் நின்று குரல் கொடுப்பவர், வீட்டார் வரும்வரை உள்ளே வரமாட்டார் அல்லவா? அவரும் அப்படியே. ஊர் முழுவதும் திறக்க வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. ஒருவர் திறந்தாலும் உள்ளே வந்து அவரோடு உணவருந்துவதாகச் சொல்கிறார். கோபித்துக்கொண்டு போய்விட்டவர் இப்படிக் காத்து நிற்பாரா?

அன்று கோப்பை வாகனத்தில் வைத்துவிட்டு ஆச்சியின் குசினியில் பலகையில் இருந்தேன். புட்டும் சம்பலும் தந்தார். மகனுடைய பெயரைச் சொல்லிச் செபிக்கக் கேட்டார். என் பட்டியலில் காணாமற்போனோர் என்று ஒரு நிரல் உண்டு. அந்த வீட்டுக்கு நேரே 1 என்று எழுதியிருந்தேன், பெயரைக் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று குடும்பங்கள் ஆச்சி வீட்டில் கூடின. அதற்கடுத்த கிழமை, காணி இன்னும் கிடைக்காத ஒரு குடும்பத்தின் கொட்டிலில் கூடினோம். விளக்கை ஆச்சிதான் கொண்டுவந்தார்.