தேயிலை மானியமும் நில உரிமையும்

பயிர்த்தொழிலை வளர்த்தற்பொருட்டு அரசு அளிக்கும் பொருளுதவி மானியம் எனப்படும். மானியத்தின் அளவினும், அஃது எவர் கையைச் சென்றடைகின்றது என்பதே ஆராயத்தக்கது. இவ்வுண்மையை உணர்தற்கு இலங்கை மலைநாட்டில் நுவரெலியா மாவட்டத்திலுள்ள ராகலைத் தோட்டப்பகுதி தக்க எடுத்துக்காட்டாகும்.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையை வாணிகப் பயிராக நாட்டினார். அதன்பின் மலைச்சரிவுகளிற் பரவிய செடிகள் விதையினின்றும் முளைத்தவை. முதுமையடைந்த காலத்து அவற்றின் விளைவு குன்றிற்று. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம், சிறந்த தாய்ச்செடிகளைத் தெரிந்து, அவற்றின் தண்டுத் துண்டுகளினின்றும் மிகுந்த விளைவு தரும் புதிய கன்றுகளை உருவாக்கியது. ஆயினும் மறுநடுகை பெருஞ்செலவினது. பழஞ்செடிகளை வேரொடு பிடுங்கி, கவுதமாலாப் புல்லை நட்டு, இரண்டாண்டளவு மண்ணை வளப்படுத்திய பின்னரே தவறணைக் கன்றுகளை நடுதல் வேண்டும். அவை நிறைந்த பயன் தருதற்கு மேலும் சில ஆண்டுகள் செல்லும். அதுகாறும் அந்நிலம் வருவாய் தாராது.

இவ்விடரை நீக்குதற்கே 1958இல் தேயிலை மானியச் சட்டம் இயற்றப்பட்டது. மறுநடுகை வேலையின் ஒவ்வொரு படியும் நிறைவேறியமை கண்டு, பணம் தவணை முறையில் வழங்கப்பட்டது. திட்டம் நன்றே; ஆயின் பணம் நிலமுடையாரையே சேர்ந்தது. செடியைப் பிடுங்கியவரும், கன்றை நட்டவரும், கொழுந்து கொய்தவரும் நாட்கூலியன்றி வேறொன்றும் பெற்றிலர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். நிலவுரிமையோ அவர்க்கு எட்டாப் பொருளாயிற்று.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்புவிக்கப்பட்டது. உடையவர் மாறினர், லயன் அறைகளில் வாழ்வோர் நிலை பெரிதும் மாறவில்லை.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது சிறுதோட்டக்காரர் நிலை. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி எழுந்த தேயிலைச் சிறுதோட்ட அபிவிருத்தி அதிகாரசபை அவர்க்கு மானியமும் தொழிலறிவும் வழங்கி வருகின்றது. காலி, மாத்தறை, இரத்தினபுரி முதலிய மாவட்டங்களில் மிகுந்துள்ள இச்சிறுதோட்டக்காரரே இன்று இலங்கைத் தேயிலையில் நூற்றுக்கு 70க்கு மேற்பட்ட பங்கை விளைவிக்கின்றனர். பயிரிடுவோன் நிலமுடையோனாகவும் இருக்குமிடத்து உதவி வீண்போகாது என்பதற்கு இதுவே சான்று.

ராகலையிலும் தோட்டத் தொழிலாளர் பலர் லயன்களை அடுத்த சிறு துண்டு நிலங்களில் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், கோவா ஆகியவற்றைப் பயிரிடுகின்றனர். அவர் உழைப்பும் உழவே. எனினும் நிலம் தம் பெயரில் இல்லாதார் கமக்காரராகப் பதிவு பெறுதல் அரிது. 2005இல் 50 கிலோப் பசளை மூடை 350 ரூபாய்க்குக் கிடைக்குமாறு அரசு செய்த ஏற்பாடும் நெற்செய்கையாளரை நோக்கியதே. மலைச்சரிவின் காய்கறித் துண்டு அதன் எல்லைக்குப் புறம்பாயிற்று.

மானியம் நீர் போன்றது. வாய்க்கால் உள்ள வயலையே அது சென்றடையும். நில உரிமையே அவ்வாய்க்கால். அதனை வெட்டாது நீரை மட்டும் பெருக்குவதாற் பயன் விளையாது. ராகலைத் தொழிலாளர் தாம் பண்படுத்தும் மண்ணுக்குச் சட்டப்படி உரியராகும் நாளிலேயே, உழவர்க்கென அளிக்கப்படும் உதவி உழவரை அடைந்ததாகும்.