கட்டிப்போட்ட ஸ்பிரிங்

கிள்ளான் தாமான்களில் ஞாயிற்றுக்கிழமை காலை அடிக்கடி பார்க்கலாம்: ஜேக்கில் ஏறி நிற்கும் பழைய புரோட்டோன் சாகா, கழற்றிய டயர், பக்கத்தில் ஆறிப்போன கோப்பி. பொங்கோல் தாண்டித் தாண்டியே முன் அப்சார்பர் செத்திருக்கும். அதை மாற்ற ஸ்பிரிங்கை அமுக்கியாக வேண்டும். அமுக்கும் கருவியை யார் வீட்டில் வைத்திருக்கிறார்கள்?

எங்கள் வரிசை அண்ணன் ஒருவர் கருவியே தேடவில்லை. கார் தரையில் நிற்கும்போதே முன் சக்கரம் ஒவ்வொன்றின்மேலும் 300 கிலோவுக்கு அருகில் பாரம் இருக்கிறது, ஸ்பிரிங் பாதி அமுங்கித்தான் இருக்கிறது. ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து, அந்த நிலையிலேயே வளையங்களைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு ஜேக் போட்டார். சக்கரம் தொங்கியது, ஸ்பிரிங் விரியவில்லை. யோசனை அபாரம்தான்.

ஆனால் அந்தச் சுருளுக்குள் நடப்பதே வேறு. அமுக்கும்போது அந்த எஃகுக் கம்பி வளைவதைவிட முறுக்கிக்கொள்வதுதான் அதிகம். நீளமான தண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருகினால் என்ன ஆகுமோ, அதே கதைதான். தண்டு சுருண்டிருக்கிறது, அவ்வளவே. அமுக்கும் தூரத்துக்கு ஏற்பவே எதிர்ப்பும் கூடும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் எழுதி வைத்தார். தேங்கும் ஆற்றலோ அந்தத் தூரத்தின் வர்க்கத்தில் ஏறும்: இரண்டு மடங்கு அமுக்கினால் நான்கு மடங்கு. மில்லிமீட்டருக்கு 2 கிலோ கேட்கும் ஸ்பிரிங்கை 150 மில்லிமீட்டர் அமுக்கினால், 10 கிலோ அரிசி மூட்டையை இரண்டே கால் மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். மூட்டையாவது நேராகக் கீழே விழும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது.

கம்பிக் கட்டின் பலவீனம் சுருளின் வடிவத்திலேயே இருக்கிறது. வளையம் சரிவானது, கட்டிய கம்பி அந்தச் சரிவிலேயே வழுக்கி நகரும். ஒருபக்கம் நகர்ந்தால் சுருள் வாழைப்பழம்போல் வளைந்து, பாரம் முழுக்க மறுபக்கக் கம்பிக்குப் போய்விடும். அண்ணன் கட்டிய மூன்றில் ஒன்று "டொக்" என்று அரைச்சுற்று நழுவியது. "தள்ளிப் போடா தம்பி" என்றவர், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாகாவின் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபெர்சன் அமைப்பு. சுருளுக்கு நடுவே அப்சார்பர், சுருளை விரியவிடாமல் உச்சியில் பிடித்து நிற்பது நடுவிலுள்ள ஒரே ஒரு நட்டு. சக்கரம் தொங்கும்போதும் சுருள் முழுதாக விரிந்திருக்காது. அதனால் உச்சியைச் சுற்றியுள்ள நட்டுகளையும் அடியிலுள்ள போல்ட்டுகளையும் கழற்றி, அப்சார்பரைச் சுருளோடு அப்படியே பட்டறைக்குத் தூக்கிப் போங்கள். அங்கே போமனிடம் கருவி இருக்கும், வேலை சில நிமிடம்தான். அந்த நடு நட்டை மட்டும் வீட்டில் தொடாதீர்கள்.