ஊழியரின் உரிமையும் கண்ணியமும்



பாறையால் அடைபட்ட குகையில் சிக்கிய மூவரின் சம்பவம் புகாரியில் பதிவாகியுள்ளது. அவர்களுள் ஒருவர் நெல்லைக் கூலியாகப் பேசி ஒருவரை வேலைக்கமர்த்தினார். அவரோ கூலியைப் பெறாமலே சென்றுவிட்டார். முதலாளி அந்நெல்லை விதைத்தார். விளைச்சலைக் கொண்டு மாடுகளையும் மேய்ப்பரையும் சேர்த்தார். பின்னொரு நாள் ஊழியர் வந்து தம் உரிமையைக் கேட்டபோது அனைத்தையும் ஒப்படைத்தார். தம்மைக் கேலி செய்வதாகவே அவ்வூழியர் முதலில் எண்ணினாராம்!

நெல் விளையும் அக்கரைப்பற்றில் இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஊழியரின் பங்கு முதலாளியிடம் இருக்கும்வரை அது அமானிதம். நமது நாட்டின் 1958ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டப்படி, ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். அந்த 8 வீதத்தைக் கழித்துக்கொண்டு செலுத்தாதவர் முதல் ஸஃப்பில் தொழுதாலும், பிறர் பணத்தை வைத்திருப்பவரே.

பணம் மட்டும் போதுமா? அனஸ் (ரழி) அவர்கள் சிறுவயது முதல் பத்து ஆண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். சலிப்பான ஒரு சொல்லைக்கூடத் தாம் கேட்டதில்லை என்கிறார்கள். நம் கடைகள் சிலவற்றிலோ வாடிக்கையாளர் முன்னிலையிலேயே ஏச்சு! இளைஞன் மூன்று மாதத்தில் விலகினால், அவனுக்குப் பொறுமையில்லை என்கிறோம்.

உணவு கொண்டுவரும் பணியாளரை உடன் அமர்த்துமாறும், இயலாவிடில் ஓரிரு கவளமேனும் கொடுக்குமாறும் நபியவர்கள் பணித்தார்கள்; அடுப்பின் வெப்பத்தைத் தாங்கியவர் அவரல்லவா?

பெற்றோர்களே! மகனின் சம்பளத்தைக் கேட்கும்போது, அவன் பகலுணவை எங்கே அமர்ந்து உண்கிறான் என்றும் கேளுங்கள்.