பழைய கம்ப்யூட்டரும் பரண் மேல் பெட்டியும்

ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுது போவது பலவிதம். சிலர் கோயில் கமிட்டியில் சேர்ந்து உண்டியல் கணக்கு எழுதுவார்கள். சிலர் ஹோமியோபதி புத்தகம் வாங்கிவந்து அக்கம்பக்கத்தாருக்கு மாத்திரை கொடுப்பார்கள். இன்னும் சிலர், எண்ணிக்கையில் குறைவுதான், நாற்பது வருஷத்துக்கு முந்திய வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்து, தூசி தட்டி, அந்தக் காலத்து ஆபரேடிங் சிஸ்டத்தையே அதில் ஓட்டிப் பார்த்து மகிழ்வார்கள். அந்தச் சின்னக் கூட்டத்தில் அடியேனும் ஒருவன்.

"புதுசு மேசை மேலே இருக்கும்போது இந்தப் பழசை எதுக்குக் கட்டிண்டு அழறேள்?" என்பது என் மனைவியின் கேள்வி. நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

பள்ளிக்கூடத்துக்கு வந்த பிபிசி

என்னிடம் இருப்பது பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் கம்பெனி, பிபிசியின் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்துக்காகச் செய்து 1981 இறுதியில் வெளியிட்ட இயந்திரம் இது. நம் நாட்டுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. 1984-85-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டத்தை 250 பள்ளிகளில் தொடங்கியபோது, பிள்ளைகளின் முன்னால் வைத்தது இந்த பிபிசி மைக்ரோவைத்தான். பிறகு மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், 'யூனிகார்ன்' என்ற பெயரில் இதை இங்கேயே தயாரித்தது. அந்த வருஷங்களில் பள்ளியில் படித்த உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பழுப்பு நிறப் பெட்டியும் வரிசையாகச் சிவப்பு விசைகளும் சிலருக்காவது ஞாபகம் வரும்.

என்னுடையது ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்டது. பழைய சாமான் கடையில், ஓட்டை விழுந்த ஏர்கூலருக்குக் கீழே கிடந்தது. கூடவே ஒரு டிஸ்க் டிரைவும், பிஸ்கட் டப்பாவில் 12 ஃப்ளாப்பிகளும். எல்லாவற்றையும் எடைக்கு எடை பேசித்தான் வாங்கினேன்.

இப்படி வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். பவர் சப்ளையில் மெயின்ஸ் இரைச்சலை வடிகட்டும் கண்டென்ஸர்கள் வயதானதும் வெடிப்பு விட்டு ஈரம் வாங்கியிருக்கும். கரண்ட் போனதும் படபடவென்று புகைந்து வீடெல்லாம் நாறும். முதலில் அவற்றை மாற்றிவிட்டுத்தான் சுவிட்சைப் போடவேண்டும். நான் அப்படியே செய்தேன். 'பூ... பீப்' என்று இரண்டு சுரத்தில் ஒரு சத்தம். அடுத்த நொடியே திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்ற எழுத்து. காத்திருப்பு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, 'அப்டேட்' ஆகிறது பொறுங்கள் என்ற உபதேசமும் கிடையாது.

தலை முதல் கால் வரை

இதன் ஆபரேடிங் சிஸ்டம் முழுவதும் 16 கிலோபைட் அளவுள்ள ரோம் சிப்பில் அடக்கம். பேசிக் மொழிக்கு இன்னொரு 16 கிலோபைட். நாம் புழங்குவதற்கு 32 கிலோபைட் மெமரி. அதிலும் நுணுக்கமான படம் போட்டால் திரையே 20 கிலோபைட்டைத் தின்றுவிடும். இன்று காலையில் வாட்ஸப்பில் வருகிற 'குட்மார்னிங்' ரோஜாப்பூவுக்கே இந்த 32 போதாது!

ஆனால் இந்தச் சிறுமையில்தான் சுகம். சுமார் 500 பக்கக் கையேடு ஒன்று கூடவே வந்தது. அதைப் பொறுமையாகப் படித்தால் இயந்திரத்தைத் தலை முதல் கால் வரை ஓர் ஆள் புரிந்துகொள்ளலாம். உதாரணத்துக்கு ஒன்று. திரையில் ஓர் எழுத்து விழவேண்டுமானால், எந்த புரோகிராமாக இருந்தாலும் ஒரே வாசல் வழியாகத்தான் போகும். அந்த வாசலின் விலாசம் மெமரியில் ஓரிடத்தில் எழுதியிருக்கும். அதை நாம் மாற்றி எழுதினால், திரைக்குப் போகவேண்டிய எழுத்தை நமது சொந்த புரோகிராமுக்குத் திருப்பிவிடலாம். யார்டில் பாயிண்ட்டை மாற்றி வண்டியை அடுத்த லைனுக்கு அனுப்புகிற அதே வேலை.

சிக்னல் பிரிவில் டிப்ளமாக்காரனாகச் சேர்ந்த எனக்கு இதில் ருசி தட்டியதற்குக் காரணம் உண்டு. பழைய லீவர் ஃப்ரேம் கேபினில் எந்த லீவரை இழுத்தால் எது பூட்டிக்கொள்ளும் என்று கீழே இறங்கிக் கண்ணால் பார்க்கலாம். பிறகு ரிலே வந்தது, அதையும் 'டிக்' என்ற சத்தத்தை வைத்துப் பின்தொடரலாம். அதன் பிறகு வந்தவை எல்லாம் மூடிய பெட்டிகள். பாதுகாப்பானவை, வேகமானவை, குறை சொல்லமாட்டேன். ஆனால் பழுதென்றால் கார்டை மாற்றலாமே தவிர, உள்ளே நடப்பதைத் தொட்டுப் பார்க்க முடியாது.

இந்தப் பழைய பெட்டியை அற்பமாகவும் எண்ணவேண்டாம். இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும். அவர்கள் இருவரும் வடிவமைத்த முதல் 'ஆர்ம்' சிப், 1985 ஏப்ரலில் தயாராகி வந்தபோது அதைப் பூட்டிச் சோதித்தது ஒரு பிபிசி மைக்ரோவில்தான். இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள செல்போனில் ஓடுவது அநேகமாக அந்த வம்சத்துச் சிப்தான்.

டோம்ஸ்டே சொல்லும் பாடம்

பழைய இயந்திரத்தை ஓட்டுவது வெறும் ஞாபக சுகமா? இதற்கு இங்கிலாந்திலேயே ஒரு கதை இருக்கிறது.

1086-இல் வில்லியம் மன்னன் காலத்தில் நாட்டின் நிலபுலன்களைக் கணக்கெடுத்து எழுதியது டோம்ஸ்டே புத்தகம். அதன் 900-வது ஆண்டை ஒட்டி, 1986-இல் பிபிசி ஒரு நவீன டோம்ஸ்டேயை வெளியிட்டது. லட்சக்கணக்கான மக்கள், அதில் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், தத்தம் ஊரைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் அனுப்பினார்கள். எல்லாம் பெரிய லேசர் தட்டுகளில் பதிவாயிற்று. அதைப் படிக்க பிபிசி மைக்ரோவின் தம்பியான 'மாஸ்டர்' கம்ப்யூட்டரும் தனி பிளேயரும் தேவை. 2002 வாக்கில் பார்த்தால், ஓடுகிற பிளேயர் கிடைப்பதே அரிதாகிவிட்டது. தோலில் மையால் எழுதிய 900 வருஷத்துப் புத்தகத்தை ஆவணக் காப்பகத்தில் இன்றும் படிக்கலாம். பதினாறு வருஷத்துத் தட்டு கைவிட்டுப் போகும் நிலை! பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் ஆர்வலர்களும் பாடுபட்டு அதை மீட்டார்கள். 2011-இல் பிபிசி அதன் ஒரு பகுதியை இன்டர்நெட்டில் வெளியிட்டது. பழைய இயந்திரம் ஓடும் நிலையில் இருந்ததும், அதன் உள்விவரம் அறிந்தவர்கள் இருந்ததும்தான் இதற்குக் கைகொடுத்தன.

ரயில்வேக்காரர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். 1855-இல் லீட்ஸ் நகரில் செய்த 'ஃபேரி குவீன்' நீராவி எஞ்ஜின் 1909-இல் ஓய்வு பெற்றுக் காட்சிப் பொருளாக நின்றது. 1997-இல் அதைப் பழுது பார்த்து டில்லியிலிருந்து அல்வருக்கு மீண்டும் ஓட்டினார்கள். கண்காட்சியில் நிறுத்திய எஞ்ஜினுக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரிந்தால் போதும். ஓடுகிற எஞ்ஜினுக்கு பாய்லர் தெரிந்த ஃபிட்டர் வேண்டும். வண்டி ஓடினால்தான் வேலை தெரிந்த கையும் மிஞ்சும்.

பிஸ்கட் டப்பாவுக்கு வருகிறேன். 12 ஃப்ளாப்பிகளில் ஏழு படித்தன. ஒன்றில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய வாய்ப்பாடு வினாடி வினா. இந்த ஆபரேடிங் சிஸ்டத்தில் கோப்புக்குத் தேதி பதியும் வழக்கமில்லை. ஆனால் யாரோ ஒரு பிள்ளை புரோகிராமின் முதல் வரியில் 1987 என்றும், கீழே நான்கு சிநேகிதிகளின் பெயரையும் எழுதி வைத்திருந்தாள். என் பேத்தி அதை ஓட்டினாள். பதின்மூன்று ஏழு எவ்வளவு என்று கேட்டது. தப்பாகச் சொன்னதும் 'பூ' என்றது. "இந்த அக்காக்கள் எல்லாம் இப்ப எங்கே இருப்பா தாத்தா?" என்றாள். அவர்களுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். படிக்காமல் போன ஐந்து ஃப்ளாப்பியில் யார் பெயரெல்லாம் இருந்ததோ, இனிமேல் யாருக்கும் தெரியாது.

நம் வீட்டுப் பரணில்

ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களுக்கு இந்த விஷயம் மற்றவர்களைவிட அதிகம் பொருந்தும். ஊரில் இருப்பவர்களுக்குப் பழையதைச் சொல்ல வீடும் தெருவும் மனிதர்களும் உண்டு. நமக்குப் பரண் மேல் பெட்டிதான். அதில் தாத்தா பேசிய கேசட் இருக்கும், பிள்ளையின் முதல் புரோகிராம் இருக்கும், சங்க விழா மலருக்கு அடித்த கட்டுரை ஃப்ளாப்பியில் இருக்கும். அந்நாளில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் புள்ளியும் கோடுமாகத் தெரியும். பயந்து அழித்துவிடாதீர்கள். யூனிகோடுக்கு மாற்ற வழி இருக்கிறது.

செய்யவேண்டியவை சுலபம். பூஞ்சை படிந்த ஃப்ளாப்பியை டிரைவில் போடாதீர்கள், டிரைவின் ஹெட்டும் கெடும். மூன்றரை அங்குல ஃப்ளாப்பி படிக்க யூஎஸ்பி டிரைவ் போதும். ஐந்தேகால் அங்குலத்துக்குப் பழைய டிரைவ் வைத்திருப்பவரைத்தான் தேடவேண்டும். கேசட்டில் புரோகிராம் இருந்தால் லேப்டாப்பில் ஒலியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், பிறகு பிரித்தெடுக்கலாம். எடுத்ததை இரண்டு இடத்தில் வையுங்கள், எழுதியவர் பெயரும் வருஷமும் சேர்த்து.

தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது அந்தப் பெட்டி கையில் அகப்படும். கபாடிக்காரர் தராசை எடுக்கும் முன் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.