சுரதாளக் குறிப்புக் கோப்பு வடிவங்கள்

சுரதாளக் குறிப்புக் கோப்பு வடிவங்கள் என்பவை ஒரு பாடலின் சுரம், தாளம், சாகித்தியம் ஆகியவற்றைக் கணினியில் சேமிக்கவும் பிறருடன் பகிரவும் பயன்படும் முறைகளாகும். இவற்றுள் எளிய உரை வடிவம், தனியுரிமை வடிவம் ஆகிய இரண்டும் முக்கியமானவை. எளிய உரையை எந்த உரைத்தொகுப்பியிலும் திறக்கலாம். தனியுரிமை வடிவத்தின் உள்ளமைப்பு வெளியிடப்படுவதில்லை. எனவே அதனை உருவாக்கிய நிறுவனத்தின் மென்பொருளையே சார்ந்திருக்க வேண்டும்.

எழுத்தாலான குறியீடு

மேற்கத்திய இசை ஐந்து கோடுகளின் மீது எழுதப்படுகிறது. கருநாடக இசையோ ஸ, ரி, க, ம, ப, த, நி என்னும் எழுத்துக்களாலேயே எழுதப்படுகிறது. சுரங்களை எழுத்தால் குறிக்கும் வழக்கம் பழமையானது. புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில், ஏறத்தாழ 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டில், சுரங்கள் பல்லவ கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

இன்றைய முறையில் ஸ என்பது ஓர் அட்சரம். ஸா என்பது இரண்டு. காற்புள்ளி ஓர் அட்சர நீட்சியையும், அரைப்புள்ளி இரண்டு அட்சர நீட்சியையும் குறிக்கும். ஆதி தாளத்தின் 4, 2, 2 என்னும் பிரிவுகள் | கோட்டாலும், ஆவர்த்தன முடிவு || கோட்டாலும் காட்டப்படும். இவை அனைத்தும் விசைப்பலகையில் உள்ளவை.

எளிய உரையின் குறைகள்

- தாரத்தாயிச் சுரத்தின் மேல் புள்ளி இடுவது மரபு. தமிழில் ஸ மீது புள்ளி இட்டால் அது ஸ் என்னும் மெய்யெழுத்துடன் மயங்கும். ஆகவே வேறு குறி ஒன்றைத் தேர்ந்து, கோப்பின் தொடக்கத்திலேயே விளக்குதல் வேண்டும்.
- எழுத்துக்களின் அகலம் வேறுபடுவதால், சுரத்தின் கீழ் எழுதிய சாகித்தியம் வேறு எழுத்துருவில் இடம் பெயரும்.
- கமகங்களைக் காட்டுவது கடினம். சுப்பராம தீட்சிதர் 1904 இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் இதற்கெனத் தனிக் குறிகள் உள்ளன.
- திஸ்கி, டேம், டேப் போன்ற பழைய குறியேற்றங்களில் சேமித்த உரை, உரிய எழுத்துரு இல்லாவிடில் பொருளற்ற எழுத்துக்களாகத் தெரியும். ஒருங்குறியில் சேமிப்பது இச்சிக்கலைத் தவிர்க்கும்.

தனியுரிமை வடிவத்தின் இடர்

தனியுரிமை மென்பொருளில் பக்க அமைப்பும் ஒலிப்பும் எளிது. ஆனால் மென்பொருள் நின்றுபோனால் கோப்பின் எதிர்காலமும் ஐயத்துக்குள்ளாகும். 1988 இல் வெளிவந்த ஃபினாலே என்னும் இசைக்குறியீட்டு மென்பொருளின் மேம்பாட்டை நிறுத்துவதாக மேக்மியூசிக் நிறுவனம் ஆகத்து 2024 இல் அறிவித்தது. தம் ஆக்கங்களை மியூசிக்எக்ஸ்எம்எல் என்னும் திறந்த வடிவத்திலும் ஏற்றுமதி செய்து வைத்தவர்கள் அவற்றை வேறு மென்பொருட்களில் திறக்கலாம். 2004 இல் முதற்பதிப்பு வெளியான இவ்வடிவமும் உரையாலானதே. எனினும் இது மேற்கத்திய குறியீட்டை மையமாகக் கொண்டது.

பகிரும் முறை

அச்சிடுவதற்குப் பிடிஎஃப் கோப்பு ஏற்றது. அதில் திருத்தம் செய்வது கடினம் என்பதால், அதனுடன் ஒருங்குறி உரைக்கோப்பையும் சேர்த்து வழங்குவது நன்று. அக்கோப்பில் இராகம், தாளம், தாயிக் குறிகளின் விளக்கம் ஆகியன இருப்பின், பாடலை அறியாதவரும் பிற்காலத்தில் அதனைப் படித்துணர இயலும்.